துருக்கியின் ‘பிர்கியூன்’ நாளிதழைப் படிக்கத் தொடங்குவது எப்படி?

துருக்கி மொழி தெரியாதவரும் உலாவியின் மொழிபெயர்ப்பு வசதியைக் கொண்டு அந்நாட்டு நாளிதழ் ஒன்றைப் படித்துப் பழகலாம். இஸ்தான்புல்லிலிருந்து 2004 முதல் வெளிவரும் இடதுசாரி நாளிதழான பிர்கியூனை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ‘பிர்’ என்றால் ஒன்று, ‘கியூன்’ என்றால் நாள்.

முதற்படியாக, பத்திரிகையின் பின்னணியை அறிந்துகொள்ளுங்கள். தனி முதலாளி இல்லாத இந்த இதழில், 2007 ஜனவரியில் சுட்டுக்கொல்லப்பட்ட ஆர்மீனியப் பத்திரிகையாளர் ஹ்ராந்த் திங்க் பத்தி எழுதிவந்தார். துருக்கியில் அரசு விளம்பரங்களைப் பகிர்ந்தளிக்கும் பத்திரிகை விளம்பர நிறுவனம், தண்டனையாக அவற்றை நிறுத்திவைக்கவும் செய்யும். பிர்கியூன் உள்ளிட்ட நாளிதழ்கள்மீது விதிக்கப்பட்ட அத்தகைய தடைகள் பத்திரிகைச் சுதந்திரத்தை மீறியவை என்று அரசியல் சட்ட நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. வாசகரிடம் சந்தா கேட்கும் அறிவிப்புகளை இந்தப் பின்னணியோடு பாருங்கள்.

இரண்டாவது படி, ‘எமெக்’, அதாவது உழைப்பு, என்ற சொல் வரும் செய்திகளிலிருந்து தொடங்குவது. ‘இஷ்ச்சி’ தொழிலாளி, ‘கிரெவ்’ வேலைநிறுத்தம், ‘சென்திகா’ தொழிற்சங்கம். இவை தெரிந்தாலே பாதித் தலைப்புகள் பிடிபடும். தமிழைப் போலவே துருக்கி மொழியிலும் வினை வாக்கியத்தின் இறுதியில் வருவதால், நீண்ட வாக்கியத்தின் கடைசிச் சொல்லை முதலில் பாருங்கள்.

மூன்றாவது படியில்தான் நான் வெகுநாள் தடுமாறினேன். ‘கியோஸால்த்தி’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் ‘கண்ணின் கீழ்’ என்று வரும். காவல்துறை ஒருவரைப் பிடித்துவைத்திருப்பதை அது குறிக்கிறது. ‘துதுக்லாமா’ என்பதோ, விசாரணைக்காக ஒருவரைச் சிறையில் அடைக்க நீதிபதி இடும் உத்தரவு. மொழிபெயர்ப்புக் கருவி சில வேளைகளில் இரண்டையும் ‘கைது’ என்றே தந்துவிடுவதால், காலையில் பிடிக்கப்பட்டு மாலையில் வீடு திரும்பியவரைச் சிறையிலிருப்பவராக எண்ணிவிட நேரும். இந்தச் செய்திகளில் மூலச் சொல்லைத் திறந்து பார்ப்பது கட்டாயம்.

அடுத்து, செய்தியின் உறுதியை அளவிடுங்கள். ‘கெல்தி’ என்றால் வந்தார். ‘கெல்மிஷ்’ என்றால் வந்தாராம். நம்முடைய ‘ஆம்’ விகுதியைப் போலவே ‘மிஷ்’ கேள்விப்பட்டதைச் சொல்லும், பத்திக் கட்டுரைகளில் ‘வளர்ச்சியாம்!’ என்று நாம் இகழ்வதுபோல இகழவும் செய்யும். கருவி இந்த ‘ஆம்’ விகுதியை விழுங்கிவிட்டால் கேலி அப்படியே அறிக்கையாகிவிடும். மேலும், ‘ஓ’ என்ற ஒரே பிரதிப்பெயர் அவன், அவள், அது அனைத்தையும் குறிப்பதால், ஆளின் பால் தவறாக வருவது சாதாரணம்.

கடைசியாக, மாதத் தொடக்கத்தில் வரும் பணவீக்கச் செய்தி ஒன்றைப் படியுங்கள். அரசுப் புள்ளியியல் அமைப்பான துயிக் ஓர் எண்ணும், எனாக் என்ற சுயேச்சை ஆய்வுக் குழு பொதுவாக அதைவிட உயர்ந்த ஓர் எண்ணும் வெளியிடுகின்றன. ஊதிய உயர்வு பற்றிய செய்தியில் எந்த எண் தலைப்புக்கு ஏறியது, எது உள்ளே ஒதுங்கியது என்பதைக் குறித்துவைத்து, அதே நாளின் வேறொரு நாளிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.