கடல் தூண்டிலுக்கு ரீல்: வாங்குவது ஒரு நாள், கழுவுவது தினமும்

என் முதல் ரீல் (கம்பில் மாட்டித் தூண்டில் நரம்பைச் சுற்றி இழுக்கும் கருவி) நாலு மாதம்தான் உழைத்தது. விடியற்காலையில் முட்டுக்காடு முகத்துவாரம், வெயில் ஏறியதும் வீடு, வந்ததும் ரீலோடு கம்பைக் கதவு மூலையில் சாத்திவிட்டுக் குளிக்கப் போய்விடுவேன். ஐந்தாம் மாதம் கைப்பிடியைச் சுற்றினால் காப்பிக்கொட்டை அரைக்கிற சத்தம். பெரிய மீன் எதுவும் அதை இழுத்து உடைக்கவில்லை. நான் குளித்தேன், ரீலைக் குளிப்பாட்டவில்லை, அவ்வளவுதான்.

ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் காய்ந்துவிடும். உப்பு அங்கேயே உட்கார்ந்து, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் இரும்பைத் தின்னும். அதனால் ரீல் வாங்கும்போதே இதைக் கழுவித் துடைத்துப் பராமரிக்க நமக்குப் பொறுமை இருக்கிறதா என்று ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 1: அளவு

கரையில் நின்று கொடுவா, சீலா, சின்னப் பாறை பிடிக்க ஸ்பின்னிங் ரீல் போதும். 4000 அல்லது 5000 அளவில், எட்டு ஒன்பது அடிக் கம்போடு பொருந்துவதாக எடுங்கள். படகில் போய் வஞ்சிரம் துரத்தும் ஆசை இருந்தால் அதற்கு மேலே போக வேண்டும், ஆனால் அது அடுத்த வருடக் கதை. ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு நிறுவனத்தின் 4000மும் இன்னொரு நிறுவனத்தின் 4000மும் ஒரே அளவாக இருக்காது. எண்ணை விட, எத்தனை மீட்டர் நரம்பு பிடிக்கும் என்று ஸ்பூலில், அதாவது நரம்பு சுற்றியிருக்கும் பாகத்தில், போட்டிருப்பதைப் பாருங்கள். 20 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பல இழை பின்னிய நரம்பு) 200 மீட்டருக்குக் குறையாமல் பிடித்தால் சரி.

படி 2: கடையில் கையில் எடுத்துப் பார்ப்பது

பெட்டியில் 12 பேரிங் என்று பெரிதாகப் போட்டிருப்பதில் மயங்காதீர்கள். மட்டமான பன்னிரண்டை விட உப்பைத் தாங்கும் ஐந்து மேல். சில ரீல்களில் ஐபிஎக்ஸ் 5, ஐபிஎக்ஸ் 6 என்று போட்டிருக்கும். பீய்ச்சி அடிக்கும் தண்ணீரை அந்த ரீல் தாங்கும் என்பது அதன் பொருள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது, கடல் தண்ணீரில் அல்ல. சீல் வைத்த ரீல் என்றாலும் கழுவத்தான் வேண்டும்.

கைப்பிடியை மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். வேகமாகச் சுற்றினால் எல்லா ரீலும் வெண்ணெய்தான். கைப்பிடி நேராக மரைக்குள் திருகி இறங்கும் வகையாக இருந்தால் ஆட்டம் குறைவு. பெயிலைத் திறந்து மூடுங்கள் (ஜாமீன் இல்லை, நரம்பைப் பிடித்துக்கொடுக்கும் வளைந்த கம்பி). கடைசியாக அந்தக் கம்பியின் ஓரத்தில் இருக்கும் சின்ன உருளையை, அதாவது லைன் ரோலரை, விரல் நகத்தால் தள்ளிப் பாருங்கள். சுழல வேண்டும். நரம்பில் வரும் உப்புத் தண்ணீர் முழுக்க அந்த உருளையின் மேல்தான் ஓடுகிறது, பெரும்பாலும் முதலில் பழுதாவதும் அதுதான்.

படி 3: நரம்பும் டிராக்கும்

பிரெய்டை வெறும் ஸ்பூலில் சுற்றினால் மொத்தமாக வழுக்கிச் சுழலும். முதலில் பத்து மீட்டர் தங்கூசி நரம்பை (ஒற்றை இழை நைலான்) சுற்றி, அதன் மேல் பிரெய்டைக் கட்டுங்கள். ஸ்பூலின் விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்திக்கொள்ளுங்கள். வழிய வழியச் சுற்றினால் முதல் வீச்சிலேயே சிக்குப் பந்து வரும்.

டிராக் என்பது மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக். அதை நரம்பு தாங்கும் எடையில் கால் பங்குக்கு வையுங்கள். 20 பவுண்டு என்றால் சுமார் 9 கிலோ. அதில் கால் பங்கு, இரண்டு கிலோவுக்குச் சற்று மேலே. வீட்டில் பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு இருந்தால் நரம்பின் நுனியை அதில் மாட்டி இழுத்துப் பாருங்கள். கையால் இழுத்து உத்தேசமாகச் சொல்பவர்கள், நான் உட்பட, பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்கிறோம்.

படி 4: கழுவுவது

இதுதான் முக்கியமான வேலை, ஆகிற நேரம் ஐந்து நிமிடம்.

முதலில் டிராக் குமிழை இறுக்குங்கள், உள்ளே இருக்கும் வட்டுகளுக்குள் தண்ணீர் போகாமல் இருக்கும். அப்புறம் குழாயை மெல்லத் திறந்து, பூவாளியில் செடிக்கு ஊற்றுவதுபோல் தண்ணீர் விடுங்கள். ஹோஸ் வைத்துப் பீய்ச்சினால் வெளியே இருக்கும் உப்பை நாமே உள்ளே தள்ளுகிறோம். பெயில் கீல்கள், லைன் ரோலர், கைப்பிடிக் குமிழ் ஆகிய இடங்களில் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள். ஸ்பூலில் சுற்றியிருக்கும் பிரெய்டு கடல் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும், அதையும் நனைத்து அலசுங்கள்.

வாளியில் முக்கவே கூடாது. வெயிலில் சூடான ரீலைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை இடுக்கு வழியாக இழுத்துக்கொள்ளும்.

எந்தத் தண்ணீர்? ஈசிஆர் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டு விட்டுக் காயவைத்துப் பாருங்கள். வெள்ளை வட்டம் தடிப்பாக விழுந்தால் அந்தத் தண்ணீர் ரீலுக்கு ஆகாது. கடைசி அலசலுக்காவது ஒரு சொம்பு கேன் தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

பிறகு பழைய வேட்டித் துணியால் துடைத்து, டிராக்கை முழுவதும் தளர்த்தி, நிழலில் காயவிடுங்கள். தளர்த்த மறந்தால் வட்டுகள் அமுங்கி ஒட்டிக்கொள்ளும். அடுத்த தடவை மீன் இழுக்கும்போது டிராக் விக்கி விக்கித்தான் நரம்பை விடும்.

ரீல் மணலிலோ தண்ணீரிலோ விழுந்துவிட்டால், சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கைப்பிடியைச் சுற்றாதீர்கள். சுற்றினால் மணல் பற்சக்கரம் வரை போய்விடும். முதலில் கழுவுங்கள்.

படி 5: எண்ணெயும் கிரீஸும்

சுழலும் சின்னப் பேரிங்குகளுக்கு எண்ணெய், பற்சக்கரத்துக்கு கிரீஸ். நாலைந்து பயணத்துக்கு ஒரு முறை, லைன் ரோலரிலும் கைப்பிடிக் குமிழிலும் பெயில் கீல்களிலும் ஒரு சொட்டு ரீல் எண்ணெய். அவசரத்துக்குத் தையல் மிஷின் எண்ணெய் பரவாயில்லை. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், நாளடைவில் பிசினாகிவிடும். துரு நீக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம், இருக்கிற கிரீஸையும் கரைத்துக்கொண்டு போகும். டாய்வா நிறுவனத்தின் மேக்சீல்டு வகை ரீல்களில் காந்த எண்ணெய் இருக்கிறது. அந்த இடங்களில் நம் எண்ணெயை விடக்கூடாது.

ஸ்பூலுக்கும் ரோட்டருக்கும் (பெயிலைச் சுமந்து சுற்றும் பாகம்) கீழே, கைப்பிடி பின்னால் சுற்றாமல் தடுக்கும் ஒரு உருளைக் கிளட்ச் உண்டு. அதில் கெட்டி கிரீஸ் பட்டால், தூண்டில் முள்ளை மீன் வாயில் குத்த இழுக்கும் நேரத்தில் கைப்பிடி பின்னால் துள்ளும்.

வருடத்துக்கு ஒரு முறை முழுசாகப் பிரிக்க வேண்டும். பயமாக இருந்தால் சர்வீஸ் செய்பவரிடம் கொடுங்கள். நீங்களே பிரிப்பதானால் ஒவ்வொரு திருகைக் கழற்றும் முன்னும் போனில் ஒரு படம் எடுங்கள். நான் கழற்றிய வரிசையில் பாகங்களைப் பணியாரச் சட்டியின் குழிகளில் போட்டு வைப்பேன். அந்தச் சட்டி இப்போது என் சட்டி, வீட்டில் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டார்கள். மூடும்போது திருகுகளின் மரையில் துளி கிரீஸ் தடவுங்கள். எவர்சில்வர் திருகும் அலுமினிய உடம்பும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம் அரித்து, அடுத்த வருடம் திருகு கழலாது.

சத்தம் வந்தால் உடனே பிரிக்க உட்காராதீர்கள். நரம்பு இல்லாமல் சும்மா சுற்றிப் பாருங்கள். சத்தம் இல்லையா? இப்போது நரம்பின் நுனியை யாரையாவது இழுத்துப் பிடிக்கச் சொல்லிச் சுற்றுங்கள். அப்போது மட்டும் கர்ரென்றால் குற்றவாளி பெரும்பாலும் லைன் ரோலர்தான். ஒரே ஒரு திருகைக் கழற்றி அந்தப் பேரிங்கை மாற்றிவிடலாம்.