ஊர்க்கல்லில் கத்தி, அரிவாள் தீட்டுவது எப்படி?

காங்கேயம், சென்னிமலைப் பக்கம் தோட்டத்தில் மண்ணைவிடக் கல்தான் அதிகம் என்று எங்க அப்பாரு அலுத்துக்கொள்வார். இத்தனை கல் கிடந்தும் கடையில் கார்பரண்டம் என்கிற செயற்கைச் சாணைக்கல் கட்டி வாங்குகிறோம். வாங்கலாம், நன்றாகவே தீட்டும். ஆனால் கொடுவாளுக்கும் அருவாமனைக்கும் ஊர்க்கல்லே போதுமுங்க.

இரும்பைத் தேய்ப்பது கல்லுக்குள் இருக்கிற மணிகள். வெங்கச்சாங்கல்லின் (குவார்ட்ஸ்) கடினம், கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் 7, பதம் ஏற்றிய கத்தியைவிடச் சற்றுக் கூடுதல். நம் கருங்கல்லிலும் அதே மணிதான், ஃபெல்ஸ்பார், மைக்கா என்கிற வேறு கனிமங்களோடு கலந்து கிடக்கிறது. பூமிக்கடியில் வெகு ஆழத்தில் கடும் சூட்டில் வெந்த பாறை என்பதால் மணிகள் பெருத்துவிட்டன. அமெரிக்காவின் அர்கன்சா மாநிலத்துச் சாணைக்கல்லான நோவாகுலைட்டில் மணி கண்ணுக்கே தெரியாது. அந்த மாதிரிக் கல்லை இங்கே தேடி அலைய வேண்டாம். நம் கல் முரட்டு வேலைக்கு, வழவழப்புக்குப் பொடி.

கத்திக்கு ஒரு சாண் நீளத்தில் தட்டைக் கல்லாக எடுங்கள். நனைத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். மினுமினுவென்று செதில் தெரிந்தால் மைக்கா, தூக்கிப் போடுங்கள். கறுப்பும் வெளுப்பும் பட்டை பட்டையாக ஓடினாலும் வேண்டாம், ஒரு பக்கம் சீக்கிரம் தேய்ந்து குழி விழும். எலுமிச்சைச் சாறு பட்டு நுரைத்தால் மதுக்கரை ரகச் சுண்ணாம்புக்கல், இரும்பைக் கடிக்காது.

அரிவாளுக்குத் தட்டைக் கல் உதவாது. உள்வளைவில் உட்காருவதற்கு உருண்டை முகம் வேண்டும். உடைந்த அம்மிக் குழவித் துண்டு அதற்கென்றே செய்தது போலிருக்கும்.

தட்டைக் கல்லைச் சமப்படுத்த, அதன் மேல் கரியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, சிமெண்ட் தரையில் ஆற்று மணலும் தண்ணீரும் விட்டுத் தேயுங்கள். கோடு முழுக்க அழிகிற வரைக்கும் விடக்கூடாது.

இனித் தீட்டல். கல்லில் ஈரம் இருந்துகொண்டே இருக்கட்டும், காய்ந்தால் இரும்புத்தூள் அடைத்துக்கொள்ளும். நாலு செ.மீ. அகலமுள்ள கத்தியென்றால் முதுகு கல்லிலிருந்து ஒரு செ.மீ. உயரத்தில் நிற்கட்டும். கொடுவாளுக்குச் சாய்வு இரண்டு மடங்கு. விறகு வெட்டுகிற விளிம்பை மெலிதாக்கினால் சில்லு போகும். அருவாமனைக்குக் கல்லைக் கையில் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் தீட்டிவிட்டு, மறுபக்கத்தில் முதுகிலிருந்து விளிம்பை நோக்கிப் பெருவிரலை மெல்ல நகர்த்துங்கள். அடியிலிருந்து நுனி வரை பிசிறு (தீட்டும்போது விளிம்பில் மறுபக்கம் மடங்கும் மெல்லிய இரும்பு) தட்டுப்பட்டால்தான் திருப்ப வேண்டும். பாதி இடத்தில் தட்டி, பாதியில் தட்டாவிட்டால் இன்னும் வேலை பாக்கி.

அப்புறம் பொடி. பாளை சீவுகிறவர்கள் மரப்பலகையில் பொடி போட்டுக் கத்தி தீட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே முறைதான். வெங்கச்சாங்கல்லை நனைத்து, ஈரச் சாக்குப் போர்த்தி உடையுங்கள். உலர்ந்த தூசி நுரையீரலில் படிந்தால் ஆளையே முடக்கும், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். அரைக்கும்போதும் ஈரமாகவே அரைத்து, தண்ணீரில் கலக்கி, முரட்டு மணி அடியில் இறங்கும் வரை சற்று விட்டு, மேலாக நிற்கும் கலங்கல் தண்ணீரை வேறு சட்டியில் ஊற்றுங்கள். மறுநாள் அதன் அடியில் படிந்திருக்கும் வண்டல்தான் நமக்கு வேண்டியது. பலகையில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெயோடு தடவி, கத்தியை முதுகுப் பக்கமாகவே இழுங்கள். முன்னால் தள்ளினால் பலகை வெட்டுப்படும்.

சிவன்மலைப் பக்கம் குருந்தக்கல்லும் உண்டு, கடினம் 9. நொய்யல் கரைக் கொடுமணல் அகழாய்வில் குருந்தமும் படிகமும் வந்திருக்கின்றன. கோத்துப் போடும் பாசிமணி செய்த ஊர் அது. குருந்தக்கல்லை அப்படியே கையில் பிடித்துத் தீட்ட முடியாது. பொடித்து அரக்கில் குழைத்துத்தான் அந்தக் காலத்துச் சாணைச் சக்கரம் செய்தார்கள்.

கதிர் அரிவாளை மட்டும் இந்தக் கல் எதிலும் வைக்காதீர்கள். பல் தேய்ந்துபோனால் பட்டறையில் கொடுத்துத்தான் வெட்டிக்கொள்ள வேண்டும்.