நுண்ணலையும் ஈஸ்ட் செல்களின் வளர்ச்சியும்: வெப்பத்தின் விளைவைப் பிரித்தறியும் சோதனை முறை

மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகிறது. அது வெளியிடும் நுண்ணலையின் ஒரு ஃபோட்டானுக்குரிய (அலை சுமக்கும் ஆற்றலின் மிகச்சிறு பொட்டலம்) ஆற்றல் ஏறத்தாழ 0.00001 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு). வேதிப்பிணைப்பை முறிக்கச் சில எலக்ட்ரான் வோல்ட் தேவைப்படுவதால், நுண்ணலை டி.என்.ஏ.வை நேரடியாக அறுப்பதில்லை. அது நீர் மூலக்கூறுகளை அசைத்துச் சூடேற்றுகிறது. ஆகவே அடுப்பில் வைத்த செல்கள் வளரவில்லை என்று காட்டுவது எளிது. அதற்குக் காரணம் சூடு மட்டுந்தானா என்று கண்டறிவதுதான் கடினம், அதில்தான் முழுக் கவனமும் தேவை.

ரொட்டி தயாரிக்கும் ஈஸ்ட்டையே பயன்படுத்துங்கள்; கையிலிருந்தோ மண்ணிலிருந்தோ எடுத்த, இன்னதென்று தெரியாத பாக்டீரியாக்களை வளர்க்க வேண்டாம். ஈஸ்ட்டை 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள சர்க்கரை நீரில் கலந்து, ஒரே அளவான மூன்று கண்ணாடிக் குவளைகளில் 100 மில்லிலிட்டர் வீதம் ஊற்றுங்கள். முதற்குவளை 30 டிகிரியிலேயே இருக்கட்டும். இரண்டாவதை அடுப்பில் வையுங்கள். 700 வாட் ஆற்றல் முழுவதும் நீரில் சேர்ந்தால் 10 நொடியில் ஏறத்தாழ 17 டிகிரி உயரும் என்பதால், 5 நொடியிலிருந்து தொடங்குவது நல்லது. பல அடுப்புகள் குறைந்த திறனிலும் முழு வீச்சில் விட்டுவிட்டே இயங்குவதால், திறனைக் குறைப்பதைவிட நேரத்தைக் குறைப்பதே நம்பத்தக்கது. வெளியே எடுத்தவுடன் கலக்கி, வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். உலோக வெப்பமானியை அடுப்புக்குள் வைக்கவோ, அடுப்பை வெறுமையாக இயக்கவோ கூடாது.

மூன்றாம் குவளையே இச்சோதனையின் உயிர்நாடி. அதைச் சுடுநீரில் அமிழ்த்தி, இடைவிடாது கலக்கி, இரண்டாம் குவளை எட்டிய அதே வெப்பநிலைக்கு இயன்றவரை அதே வேகத்தில் கொண்டுவர வேண்டும். பின்னர் இரண்டையும் ஒரே நேரத்தில் 30 டிகிரிக்குக் குளிர்வியுங்கள்.

மூன்று மாதிரிகளையும் பத்துப் பத்து மடங்காக நீர்த்து, அகார் தட்டுகளில் (செல்கள் வளர ஊட்டக்கூழ் நிரப்பிய தட்டுகள்) பரப்பி, 30 டிகிரியில் இரண்டு நாள் வைத்தபின் காலனிகளை, அதாவது உயிரோடிருந்த செல்கள் பெருகி உண்டாக்கிய புள்ளிகளை, எண்ணுங்கள். 30 முதல் 300 வரை காலனிகள் உள்ள தட்டுகளே கணக்குக்கு ஏற்றவை. எந்தத் தட்டு எந்தக் குவளைக்குரியது என்பது எண்ணுபவருக்குத் தெரியாமலிருப்பதும், முழுச் சோதனையையும் குறைந்தது மூன்று முறை செய்வதும் அவசியம்.

இரண்டாம், மூன்றாம் குவளைகளின் எண்ணிக்கைகள் ஒத்திருந்தால், வெப்பத்துக்கு அப்பாற்பட்ட விளைவு எதுவும் இச்சோதனையில் தென்படவில்லை என்றே எழுத வேண்டும். இரண்டாவதில் தெளிவாகக் குறைந்திருந்தாலும் உடனே நுண்ணலையைக் குற்றஞ்சாட்ட வேண்டாம்: அடுப்புக்குள் நிலையலைகள் (சில இடங்களில் வலுத்தும் சில இடங்களில் மெலிந்தும் நிற்கும் அலைகள்) உருவாவதால் குவளையின் ஒரு பகுதி மற்றதைவிட மிகுதியாகச் சூடாகியிருக்கலாம், கலக்கியபின் அளந்த சராசரி வெப்பநிலை அதை மறைத்துவிடும். இன்னும் குறைந்த நேரம் வைத்து, எடுத்துக் கலக்கி, மீண்டும் வைத்துச் சூடேற்றும்போதும் அதே வேறுபாடு நீடிக்கிறதா என்று பாருங்கள்.