ஒழுங்கையில மற்ற நாயைக் கண்டாப் பாயுற நாயை வழிக்குக் கொண்டு வாறது எப்பிடி

எங்கட ஜிம்மி வீட்டுக்க சரியான சாது, பூனை வந்து அதின்ர கோப்பையில வாய் வச்சாலும் பாத்துக்கொண்டு கிடக்கும். ஆனா படலையைத் தாண்டி ஒழுங்கைக்கு இறங்கி இன்னொரு நாயைக் கண்டிட்டா பிடரி மயிர் சிலிர்த்து, வால் விறைச்சு, என்னையும் சேத்து இழுத்துக்கொண்டு பாயும். ரெண்டு வருசம் உதோட கஷ்டப்பட்டு, பேசியும் பாத்து அடிச்சும் பாத்து ஒண்டும் சரிவராமல், பிறகு வேற மாதிரிப் பழக்கித்தான் ஒரு வழிக்குக் கொண்டு வந்தனான். எங்கட ஊரில கனபேர் இந்த ஒரு பிரச்சினைக்காகவே நாயைக் காலம் முழுக்க சங்கிலியில கட்டிப்போட்டு வச்சிருக்கினம், அதைப் பாக்க மனம் கேக்குதில்லை, அதாலதான் எழுதுறன்.

முதல் விசயம், உது அனேகமா திமிர் இல்லை, பயம். குட்டி பிறந்து மூண்டாவது கிழமையில இருந்து ஏறத்தாழ பதினாலாவது கிழமை வரைக்கும்தான் மற்ற நாயளோட பழகிற வயசு, நாங்கள் அந்த நேரம் வளவுக்குள்ள பூட்டி வச்சு வளத்துப்போட்டு, பிறகு ஒரு நாள் பட்டியைப் போட்டு றோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறம். எதிரில ஒரு நாய் வருகுது, பட்டி இழுத்துப் பிடிச்சிருக்கிறதால விலகி ஓடவும் ஏலாது, அப்ப அதுக்கு மிஞ்சிறது பாயுறது ஒண்டுதான். பாஞ்சா மற்ற நாய் போயிடுது, அப்ப நான் பாஞ்சதாலதான் அது போனது எண்டு இது படிச்சுக்கொள்ளுது. இந்த நேரம் நீங்கள் அடிச்சா, மற்ற நாய் வந்தா எனக்கு அடியும் விழும் எண்டு இன்னும் வெருளும். உறுமினாலும் அடியாதேங்கோ. உறுமல் எண்டது கிட்ட வராதை எண்டு அது சொல்லுற எச்சரிக்கை, அதை அடிச்சு நிப்பாட்டினா பிறகு சத்தமில்லாமல் நேராக் கடிக்கிற நாயா மாறிடும்.

நல்லா இருந்த நாய் திடீரெண்டு இப்பிடி மாறினா முதல்ல மிருக வைத்தியரிட்டக் காட்டுங்கோ. காதுக்குள்ள புண், உண்ணியால வாற காய்ச்சல், இடுப்பு மூட்டு நோ எண்டு எதுவும் இருக்கலாம், நோ இருக்கிற நாய் ஒருத்தரையும் கிட்ட விடாது. கடுவனுக்கு நலமடிச்சா எல்லாம் சரிவரும் எண்டு சொல்லுவினம், பெட்டைக்காக அலையிறதும் கடுவனோட கடுவன் அடிபடுறதும் குறையும்தான், ஆனா பயத்தில பாயுற நாய்க்கு அது மட்டும் மருந்தில்லை.

இதுக்கு மருந்து தூரம். எங்கட ஒழுங்கையள் ரெண்டு பக்கமும் மதிலும் தகரமும், மூலை திரும்பினா மூக்குக்கு முன்னால நாய், அங்க வச்சு ஒரு நாயையும் பழக்கேலாது. யாழ்ப்பாணத்து வல்லை வெளி மாதிரி, பண்ணைக் கடற்கரைப் பக்கம் மாதிரி, இல்லாட்டி அறுவடை முடிஞ்ச வயல் மாதிரி எட்டத்துக்குத் தெரியிற இடத்துக்குக் கொண்டு போங்கோ. அங்க தூரத்தில ஒரு நாய் தெரியேக்க உங்கட நாயின்ர முகத்தை வடிவாப் பாருங்கோ. குலைக்க முதலே அது காட்டிக் குடுக்கும்: திறந்திருந்த வாய் டக்கெண்டு மூடும், காது முன்னுக்கு வரும், உடம்பு மரக்கட்டை மாதிரி விறைக்கும், சிலது நாக்கால மூக்கை நக்கும். இந்த அடையாளம் ஒண்டும் வராமல், நாயைக் கண்டும் உங்களைத் திரும்பிப் பாக்கக் கூடிய தூரம் எதெண்டு பிடியுங்கோ. ஜிம்மிக்கு அது தொடக்கத்தில ஒரு நாப்பது மீட்டர் இருந்திச்சு.

அந்தத் தூரத்தில நிண்டுகொண்டு, மற்ற நாய் கண்ணில பட்ட உடன அவிச்ச கோழி ஈரல் ஒரு துண்டு, விரல் நகமளவு காணும், அது தெரியிற வரைக்கும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டாக் குடுத்துக்கொண்டே இருங்கோ, மறைஞ்ச உடன நிப்பாட்டுங்கோ. ஒழுங்கு முக்கியம், நாய் முதல், ஈரல் பிறகு. மாறிச் செய்தா ஈரலைக் கண்டாலே எங்கயோ நாய் நிக்குது எண்டு உசாராகிடும். பத்து நிமிசத்துக்கு மேல வேண்டாம். ஒரு ரெண்டு கிழமையில ஜிம்மி தூரத்தில நாயைக் கண்டிட்டு, பிறகு தானாத் திரும்பி என்ர கையைப் பாத்தது, அண்டைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. அதுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக் கிட்டப் போகலாம், பாஞ்சா கிட்டப் போனது கூடிப்போச்சு எண்டு அர்த்தம், பின்னுக்கு வந்து திரும்பத் தொடங்குங்கோ.

திருவிழா வெடிச் சத்தத்தில நடுங்கின நாய்க்கு ரெண்டு மூண்டு நாள் இந்தப் பழக்கலில இருந்து ஓய்வு குடுங்கோ, அந்தப் பதட்டம் உடன இறங்காது.

பழக்கிற காலத்தில ஒழுங்கையாலயும் போகத்தானே வேணும். விடிய அஞ்சு மணிக்கு, சனமும் நாயும் குறைஞ்ச நேரத்தில போங்கோ, தார் றோட்டும் சுடாது. கழுத்துப் பட்டியை விட நெஞ்சால போடுற ஹார்னஸ் நல்லம், இழுக்கேக்க தொண்டை இறுகாது. "திரும்பு" எண்டா உங்களோட திரும்பி நடக்க வீட்டுக்குள்ளயே பழக்கி வையுங்கோ, எதிரில நாய் வந்தா அப்பிடியே திரும்பலாம், இல்லாட்டி யாற்றையும் படலைக்குள்ளயோ நிக்கிற வானுக்குப் பின்னாலயோ மறையலாம். கட்டாக்காலி நாய் கிட்ட வந்தா நாங்கள் எல்லாரும் குனிஞ்சு கல்லெடுக்கிற மாதிரிக் காட்டுறது வழக்கம், அது ஓடும்தான், ஆனா அதோட உங்கட நாயும் கொதிச்சிடும், அதை விட ஒரு பிடி பிஸ்கட்டை அதின்ர பக்கம் எறிஞ்சுபோட்டு விலகிப் போங்கோ. வீட்டில படலைக் கம்பிக்குள்ளால நாள் முழுக்க றோட்டு நாயளைக் குலைக்க விடாதேங்கோ, அதுவும் ஒரு பழக்கம்தான். கீழ்ப்பக்கம் தகரமோ கிடுகோ வச்சு மறைச்சு விடுங்கோ.

கடிபாடு தொடங்கினா கையை நடுவில விடாதேங்கோ. நான் கழுத்துப் பட்டியில பிடிச்சுத்தான் கடி வாங்கினனான், என்ர நாயே நான் எண்டு தெரியாமல் திரும்பிக் கடிச்சது. ஒரு வாளி தண்ணியை முகத்தில ஊத்துங்கோ, சாக்கைப் போர்த்துங்கோ, பலகையை நடுவில தள்ளுங்கோ. ரெண்டு பேர் நிண்டா ஆளுக்கொரு நாயின்ர பின்னங்காலைத் தூக்கிப் பின்னுக்கு இழுக்கலாம். உங்களுக்குக் கடி விழுந்தா ஓடுற தண்ணியில சவுக்காரம் போட்டு 15 நிமிசம் கழுவிப்போட்டு அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, சின்னக் கீறல் எண்டும் விடாதேங்கோ. நாய்க்கு வருசா வருசம் விசர்நாய்த் தடுப்பூசி கட்டாயம்.

ஏற்கெனவே கடிச்ச நாய் எண்டா வெளிய போகேக்க வாய்க்குக் கூடு போடுங்கோ. வாய் திறந்து மூச்சிழுத்து தண்ணியும் குடிக்கக் கூடிய கூடை மாதிரியானதைப் பாத்து வாங்குங்கோ, துணியால இறுக்கிக் கட்டுறது எங்கட வெயிலுக்கு ஆபத்து, நாய் தன்ர சூட்டைத் தணிக்கிறதே வாயாலதான். கூட்டுக்குள்ள ஈரலை வச்சு, அது தானா மூக்கை விட விட ஒரு கிழமை பழக்கினா பிறகு அதைக் கண்டாலே வாலாட்டும்.

ஜிம்மி இப்பவும் மற்ற நாயளோட அவிட்டு விட்டு விளையாடுற நாயில்லை, நான் அப்பிடி விடவும் மாட்டன். ஆனா சந்தியில எப்பவும் படுத்திருக்கிற மண்ணிறப் பெட்டையை றோட்டின்ர மற்றப் பக்கத்தால கடந்து போகேக்க ஒருக்கா பாக்கும், பிறகு என்ர கையைப் பாக்கும், ஈரலை வாங்கிக்கொண்டு நடக்கும்.