வரி பாக்கி கட்டக் கையில் பணம் இல்லையா? மூன்று வட்டிக்கு ஓடாதீர்கள்

வருமான வரி பாக்கி என்று நோட்டீஸ் வந்ததும் நம் மதுரையில் பலர் செய்கிற முதல் காரியம், கீழமாசி வீதிப் பக்கம் தெரிந்த ஆளிடம் மூன்று வட்டிக்கு வாங்கிக் கட்டிவிடுவது. தயவுசெய்து வேண்டாம். பாக்கிக்கு வருமான வரித்துறை போடுவது மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய், அதாவது ஒரு வட்டி. ஜிஎஸ்டி பாக்கிக்கு வருடம் 18 சதவீதம், ஒன்றரை வட்டி. இதை அடைக்க மூன்று வட்டிக்கு வாங்குவது என்ன கணக்கு?

அதற்காகச் சும்மாவும் இருக்கக் கூடாது. பாக்கி வரி அளவுக்கே அபராதம் போட அவர்களுக்கு அதிகாரம் உண்டு, வங்கிக் கணக்கை முடக்கலாம், உங்களுக்குப் பணம் தர வேண்டிய வியாபாரிக்கே கடிதம் போட்டு வசூலிக்கலாம். கடைசியில் சொன்னதுதான் பஜாரில் மானத்தை வாங்கும்.

முதலில் பாக்கி நிஜம்தானா என்று பாருங்கள். வருமான வரி இணையதளத்தில் டிமாண்டுக்கு, அதாவது பாக்கிக் கோரிக்கைக்குப் பதில் சொல்லும் பக்கத்தில் ‘டிமாண்ட் இஸ் கரெக்ட்’ என்று அவசரப்பட்டு அமுக்கிவிட்டால் அப்புறம் மறுக்க முடியாது. அதற்கு முன் உங்கள் பான் எண்ணில் வரவான வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து, உங்களுக்குப் பணம் தரும்போதே பிடித்த வரியான டிடிஎஸ் எல்லாம் ஏறியிருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். பிடித்தவர் பான் எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தால், அவரைத் திருத்தித் தாக்கல் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் திருத்த மனு போடலாம்.

பாக்கி சரிதான், பணம்தான் இல்லை என்றால் தவணை கேளுங்கள். நோட்டீஸ் கையில் கிடைத்த 30 நாளுக்குள் உங்கள் மதிப்பீட்டு அதிகாரிக்கு மனு போக வேண்டும். மதுரைக்காரர்களுக்கு வருமான வரி அலுவலகம் பீபீகுளத்தில். மனுவில் ‘மிகவும் கஷ்டம் ஐயா’ என்று மட்டும் எழுதிப் பயனில்லை, இப்படி எழுதுங்கள்: “பாக்கி ரூ.1,20,000. இன்று ரூ.20,000 கட்டிவிட்டேன், சலான் நகல் இணைத்துள்ளேன். மீதி ரூ.1,00,000-ஐ மாதம் ரூ.10,000 வீதம் ஒவ்வொரு 5-ஆம் தேதியும் 10 மாதத்தில் கட்டுகிறேன்.” கூடவே வங்கிக் கணக்கு விவரம், கடன் தவணை, ஆஸ்பத்திரி பில், எது உண்மையோ அது. தவணை தருவது அதிகாரியின் முடிவு, ஆனால் கொஞ்சம் கட்டிவிட்டு வருகிறவரின் மனுவுக்குத் தனி மதிப்பு. நகலில் ‘பெறப்பட்டது’ முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்ணெல்லாம் மாறியிருக்கிறது, நோட்டீஸில் உள்ள எண்ணையே எழுதுங்கள்.

கட்டும்போது சலானில் ‘டிமாண்ட் பேமென்ட்’ என்ற 400-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழக்கத்தில் நீங்களே கணக்கிட்டுக் கட்டும் வரிக்கான 300-ஐப் போட்டால் பணம் போகும், பாக்கி அப்படியே நிற்கும். மதிப்பீட்டு ஆண்டையும் இரண்டு தடவை பாருங்கள். தவணையிலும் வட்டி ஓடும், ஒரு தவணை தவறினால் மீதி மொத்தமும் அன்றே கட்ட வேண்டியதாகிவிடும், அதனால் முடிகிற தொகையையே கேளுங்கள்.

வரியே தப்பு என்கிறீர்களா? 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். பொதுவாக 20 சதவீதம் கட்டினால் மீதியை அது முடியும்வரை நிறுத்திவைக்கச் சொல்லி அதிகாரியிடம் கேட்கலாம்.

ஜிஎஸ்டியில் தவணைக்கு டிஆர்சி-20 படிவம், அதிகபட்சம் 24 மாதம். பாக்கி 25,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தாலோ, நீங்களே ரிட்டர்னில் காட்டிய வரியாக இருந்தாலோ தவணை கிடையாது.

எல்லாம் போக, வருமான வரி வட்டியைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ ஆணையருக்கு மனு போட இடமுண்டு. உண்மையான கஷ்டம், உங்கள் கையில் இல்லாத காரணம், விசாரணைக்கு ஒத்துழைத்தது, மூன்றையும் காட்ட வேண்டும். முத்திரை வாங்கிய நகல்களை இந்த மனுவோடு சேர்த்துக் கொடுங்கள்.