விடுமுறையில் வீடு வந்த பிள்ளையின் மனச்சோர்வைக் கவனிப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்ற பிள்ளை, தவணை விடுமுறையில் வீட்டுக்கு வந்து அறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்தால், "நாங்கள் பால்மரம் வெட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனோம், உனக்கு என்ன குறை?" என்று கேட்பது நம் வீடுகளில் வழக்கம். அந்தக் கேள்வியை முதலில் நிறுத்த வேண்டும்.

மன மீள்திறன், அதாவது துன்பத்திலிருந்து மீண்டெழும் ஆற்றல், மிகுந்த மாணவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் குறைவாகக் காணப்படுவது உண்மைதான். ஆனால் சோர்வே மீள்திறனை அரித்துவிடும் என்பதால், திடமில்லாததால்தான் நோய் வந்தது என்று பிள்ளைமீது பழி சொல்ல இடமில்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த உளவியலாளர் எம்மி வெர்னரின் ஆய்வில், வறுமையும் குடும்பச் சிக்கலும் சூழ வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகத் தேறினார்கள். அவர்களில் பலருக்குப் பெற்றோரைத் தவிர நம்பிப் பேசக்கூடிய பெரியவர் ஒருவர் இருந்தார். ஆகவே அத்தையோ, தாய்மாமனோ, பழைய தமிழ்ப்பள்ளி ஆசிரியரோ, பிள்ளை யாரிடம் மனம் விட்டுப் பேசுமோ அவரை வீட்டுக்கு அழையுங்கள். புத்திமதி சொல்ல வேண்டாம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிடிபிடிஎன் என்ற அரசாங்க உயர்கல்விக் கடனையும் தேர்வுப் புள்ளியையும் நினைத்து ஓயாமல் கவலைப்படுவதும் நெஞ்சு படபடப்பதும் பதற்றத்தின் பக்கம். பிடித்த பந்தாட்டத்தில்கூட நாட்டமின்றிப் போவது சோர்வின் பக்கம். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. மனம் வரட்டும் என்று காத்திராமல், மாலையில் கடைக்குப் போய் வருவது போன்ற சிறு வேலையைக் குறித்த நேரத்தில் சேர்ந்து செய்யுங்கள்.

இந்நிலை இரண்டு வாரம் நீடித்தால், மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் பிஎச்கியூ-9 (PHQ-9) என்ற ஒன்பது கேள்வி வினாத்தாளைப் பிள்ளையே நிரப்பட்டும். மொத்தம் 27 புள்ளிகளில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் அரசாங்க கிளினிக்கில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைக் கேட்கும் ஒன்பதாவது கேள்விக்கு ஒரு புள்ளி விழுந்தாலும், மொத்தத்தைக் கூட்டிக்கொண்டிராமல், பிள்ளையைத் தனியே விடாமல் அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியான ஹீல் 15555 எண்ணுக்கும் பேசலாம். தற்கொலை முயற்சி 2023 முதல் மலேசியாவில் குற்றமல்ல என்பதால், போலீசுக்குப் பயந்து எதையும் மறைக்க வேண்டியதில்லை. கிளினிக் வரிசையில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவாரோ என்ற கூச்சம் சிறிய ஊரில் இயல்பே. அப்படியானால் அடுத்த பட்டணத்துக் கிளினிக்குக்குப் போகலாம்.