ரெயில்ஸ் 7: பிழைச் செய்தி காட்டாத படிவம்

கொக்குவிலில் உள்ள ஒரு ரியூசன் நிலையத்தின் மாணவர் பதிவுத் தளத்தை ரெயில்ஸ் 7க்கு (ரூபி மொழியில் இணையத்தளம் கட்டும் சட்டகம்) மாற்றி, பக்கங்களை வேகமாக மாற்றித் தரும் பழைய நூலகமான டர்போலிங்க்ஸ் இருந்த இடத்தில் அதன் வாரிசான டர்போவைப் போட்டபின் வந்த தொல்லை இது. தொலைபேசி இலக்கத்தை நிரப்பாமல் ‘பதிவு செய்’ அழுத்தினால் பிழைச் செய்தி வராது. பக்கம் அப்படியே நிற்கும்.

முதல் சந்தேகம் மொடலின் வலிடேஷன் (தரவைச் சரிபார்க்கும் விதி) மேல். ரெயில்ஸ் கொன்சோலில் சோதித்தால் அது சரி. கேஷை அழித்தும் பயனில்லை. ஆளைக் குழப்பியது சேர்வர் லொக்தான் (சேர்வரின் பதிவேடு): பிழைச் செய்தியோடு பக்கம் உருவாகி, 200, அதாவது ‘எல்லாம் சரி’ என்ற எண்ணோடு வடிவாக அனுப்பப்பட்டிருந்தது. அப்படியானால் அந்தப் பக்கம் எங்கே போனது?

பிரவுசர் கொன்சோலில் சிவப்பாக ஒரு வரி கிடந்தது: படிவத்துக்கான பதில் வேறு முகவரிக்குத் திருப்பிவிட வேண்டுமாம். பழைய டர்போலிங்க்ஸ் சாதாரணப் படிவங்களைத் தொடாது. டர்போ அவற்றைத் தானே அனுப்பும். 200 என்று வரும் பதிலை அது திரையில் காட்டாது. திருப்பிவிடல் வேண்டும், இல்லையென்றால் 422 (அனுப்பிய தரவை ஏற்க முடியாது) போன்ற பிழை எண் வேண்டும்.

புதிதாகச் சேர்க்கும் கிரியேட், திருத்தும் அப்டேட் இரண்டிலும், படிவத்தை மறுபடி காட்டும் ரெண்டர் வரியில் ஸ்டேட்டஸ் 422 சேர்த்தேன். உடனே செய்தி வந்தது. அப்பாடா! அப்புறம் நீக்கும் பொத்தானையும் பாருங்கள்: அங்கே திருப்பிவிடும்போது 303 (‘அந்த முகவரியைச் சாதாரணமாகத் திற’ என்ற எண்) கொடுக்காவிட்டால், போகும் இடத்துக்கும் டிலீட் (நீக்கு) கோரிக்கையே போகக்கூடும்.